கரை இறங்கும் நாளுக்கு ஒரு கணக்கு

கப்பலில் உல்லாசப் பயணம் என்றதும் அது பணம் படைத்தவர்களின் காரியம் என்றுதான் நம்மில் அநேகர் நினைக்கிறோம். ஆனால் வெளிநாட்டில் உழைக்கும் தம்பி, தங்கைமார் சிலர், ஊரிலுள்ள சகோதரிகளைத் தங்களிடம் அழைத்து, பிள்ளைகளின் விடுமுறைக்கு இப்படியான பயணங்களில் சேர்த்துக்கொள்கிறார்கள். சன்னல் இல்லாத உள்ளறை எடுத்தால், விடுதியில் தங்கிக் கடையில் சாப்பிடும் விடுமுறையைவிடக் கப்பல் மலிவாக முடிவதுண்டு. படுக்கையும் சாப்பாடும் கட்டணத்துக்குள் அடங்கிவிடும். கரையில் இறங்கும் நாட்களின் செலவு மட்டும் அதற்குள் இல்லை. கையைக் கடிப்பது அந்தச் செலவுதான். அதை எப்படிக் குறைக்கலாம், வளர்ந்த பிள்ளைகளை அதில் எப்படிப் பங்காளிகளாக்கலாம் என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

நான் கிளிநொச்சியில் தையல் தைத்து வாழ்பவள். எனக்கு 17 வயதில் ஒரு மகள். சுவிஸில் உணவகமொன்றின் சமையலறையில் வேலை செய்யும் என் தம்பி, 2025 ஒக்ரோபரில் எங்கள் இருவரையும் அழைத்திருந்தான். தம்பி, மச்சாள், அவர்களின் 15 வயது மகள், 13 வயது மகன், நாங்கள் இருவர் என்று ஆறு பேர். இத்தாலியின் ஜெனோவாவில் ஏறி, சிவிற்றாவெக்கியா, நேப்பிள்ஸ், பலேர்மோ, பார்சலோனா, மார்செய் ஆகிய துறைமுகங்களில் இறங்கி, மீண்டும் ஜெனோவாவுக்கு வரும் ஏழு இரவுப் பயணம். எல்லாத் துறைமுகங்களும் ஷெங்கன் நாடுகளிலேயே இருப்பதால் எங்கள் விசாவுக்குச் சிக்கலில்லை. இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவர்கள் பயணத்தைத் தெரிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இடையில் ஷெங்கனுக்கு வெளியே ஒரு நாடு வந்தாலும், ஒருமுறை மட்டும் நுழையும் விசா போதாமற் போகும்.

இதற்குமுன் நான் ஏறிய கப்பல் ஒன்றே ஒன்று. 2009 பங்குனியில் புதுமாத்தளனிலிருந்து காயக்காரரைப் புல்மோட்டைக்கு ஏற்றிய செஞ்சிலுவைச் சங்கக் கப்பல். மகள் அப்போது கைக்குழந்தை. அவளின் அப்பா கரையில் நின்றார். அதன் பிறகு அவரைப் பற்றிய தகவல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. இடது காலில் குண்டுச் சிதறல் இருப்பதால் என்னால் வேகமாக நடக்க முடியாது. இதையெல்லாம் இங்கே சொல்வது, கரை நாளைத் திட்டமிடுவதில் இவற்றுக்கும் பங்கு இருந்தபடியால்தான்.

பிள்ளைகளின் கையில் கொப்பி

கப்பல்காரரே ஒழுங்குசெய்யும் சுற்றுலாவில் உரோம் நகருக்குப் போய்வர ஆளுக்கு 70 யூரோ. ஆறு பேருக்கு 420 யூரோ. அப்போது ஒரு யூரோ 350 ரூபா அளவில் இருந்தது. நம் காசில் 147,000 ரூபா, அதுவும் ஒரே நாளுக்கு. அப்படியிருந்தும் தம்பி அதற்கே பணம் கட்ட நினைத்தான். அவனுடைய பயத்திலும் நியாயம் இருந்தது. கப்பற் சுற்றுலாவில் போனவர்கள் பிந்தினால் கப்பல் அவர்களுக்காகக் காத்திருக்கும். தனியே போனவர்கள் பிந்தினால் காத்திராது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான்.

"நேரத்துக்குத்தானே பயம்? நேரத்தை நாங்கள் எழுதி வைப்பம்" என்றேன். பயணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்பே மூன்று பிள்ளைகளுக்கும் துறைமுகங்களைப் பிரித்துக் கொடுத்தோம். தேடுவது அவர்களின் வேலை. கொப்பியில் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு பக்கம். அதில் ஐந்து கேள்விகள்:

1. எத்தனை மணிக்கு இறங்கலாம், எத்தனை மணிக்குத் திரும்ப ஏற வேண்டும்?
2. என்ன வாகனத்தில் போவது? அது தவறினால் அடுத்தது எப்போது?
3. ஆறு பேருக்கும் மொத்தச் செலவு எவ்வளவு?
4. தண்ணீர், சாப்பாடு, மலசலகூடம், மாமி இருப்பதற்கு இடம் எங்கே?
5. பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது?

ஐந்தாவது கேள்வி என்னுடையது. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது எனக்கு 13 வயது, தம்பிக்கு 9. நாவற்குழிப் பாலத்தில் ஏறுமுன் எங்கள் ஐயா இருவரையும் நிறுத்தி, "கை தவறினால் தேடித் திரியாதேங்கோ. சாவகச்சேரிச் சந்தையடியிலை வந்து நில்லுங்கோ. நான் வருவன்" என்றார். அந்தச் சொல்லைத் தம்பியும் மறக்கவில்லை. கேள்வியை வாசித்ததும் பேசாமல் தலையாட்டினான். பிள்ளைகளுக்கு அதன் காரணம் அப்போது தெரியாது.

உரோம் நகரில் ஒரு பகல்

உரோமுக்கான துறைமுகம் சிவிற்றாவெக்கியா. அங்கிருந்து நகரம் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். துறைமுக வாயில்வரை இலவச பஸ் உண்டு. அங்கிருந்து ரயில் நிலையத்துக்குக் கடற்கரையோரமாக நடக்கலாம். எனக்காகப் பிள்ளைகள் அந்த நடைக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கியிருந்தார்கள். நாள் முழுவதும் ரயிலிலும் உரோம் நகரப் போக்குவரத்திலும் செல்லுபடியாகும் பிராந்தியச் சீட்டு ஆளுக்கு 12 யூரோ அளவில். ஆறு பேருக்கும் 72 யூரோ. இத்தாலியில் இப்படியான கடதாசிச் சீட்டை ரயில் ஏறுமுன் நிலையத்திலுள்ள இயந்திரத்தில் கொடுத்து முத்திரை பதிக்க வேண்டும். பதிக்காவிட்டால் சீட்டு இருந்தும் தண்டம் கட்ட நேரும். அந்நாட்டில் ரயில் வேலைநிறுத்தங்கள் அடிக்கடி வரும். ஆனால் முன்கூட்டியே அறிவிப்பார்கள். அதையும் பார்த்து வைப்பது நல்லது.

சன் பியேத்ரோ நிலையத்தில் இறங்கினால் புனித பேதுரு பேராலயம் கால்மணி நேர நடை. உள்ளே போகக் கட்டணமில்லை. ஆனால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். மருமகளுக்கு என் சால்வை உதவியது. 2025 யூபிலி ஆண்டாகையால் வரிசை நீளம். கோபுரத்தில் ஏறுவதற்குத் தனிக் கட்டணம் என்பதால் அதை விட்டுவிட்டோம். ஏறத்தாழ 1,900 ஆண்டுப் பழைமையான பந்தியோன் கட்டடத்துக்குப் பெரியவர்களுக்கு ஆளுக்கு 5 யூரோ. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். இத்தாலியின் அரச அரும்பொருட்காட்சியகங்களிலும் தொல்லியல் இடங்களிலும் பிள்ளைகளுக்கு இந்தச் சலுகை உண்டு. எந்த நாட்டுப் பிள்ளை என்று பார்ப்பதில்லை. வயதைக் காட்டக் கடவுச்சீட்டுப் பிரதி கையில் இருக்க வேண்டும்.

தண்ணீருக்கு ஒரு சதமும் செலவில்லை. உரோம் தெருக்களில் 1874 முதல் வைக்கப்பட்டுவரும் இரும்புக் குழாய்களில் நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். வளைந்த குழாயைப் பார்த்து ஊர்ச்சனம் அதைப் 'பெரிய மூக்கு' என்று அழைக்கிறார்கள். வெறும் போத்தல்களோடு போனால் போதும். கப்பற் சாப்பாட்டறையிலிருந்து சமைத்த உணவையும் பழங்களையும் கரைக்குக் கொண்டுபோகப் பெரும்பாலும் விடமாட்டார்கள். ஆகையால் காலையில் வயிறாரச் சாப்பிட்டு, பிரிக்காத பிஸ்கற் பைகளை மட்டும் எடுத்துப் போனோம்.

கப்பலில் ஏறவேண்டிய நேரத்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்பே துறைமுக நகரில் நிற்க வேண்டும் என்பது பிள்ளைகள் எழுதிய விதி. பார்க்க இன்னும் எவ்வளவோ இருந்தும், மணி மூன்றானதும் அவர்களே, "மாமி, எழும்புங்கோ" என்று எங்களைக் கிளப்பினார்கள்.

பொம்பெயில் கேட்ட கேள்வி

நேப்பிள்ஸில் கப்பல் நிற்குமிடம் நகரின் நடுவிலேயே உள்ளது. எதிரேயுள்ள முனிசிப்பியோ நிலையத்தில் நிலக்கீழ் ரயில் எடுத்துக் கரிபால்டியில் இறங்கி, அங்கிருந்து சிர்க்கும்வெசுவியானா என்ற சிறு ரயிலில் ஏறினால் பொம்பெய் முக்கால் மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். ஒரு வழிக்கு 3 யூரோ சொச்சம். நெரிசலில் பணப்பையைக் கவனிக்க வேண்டும். கழுத்தில் தொங்கும் சிறு பையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டோம். நுழைவுச் சீட்டு பெரியவர்களுக்கு 20 யூரோ அளவில். 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேரை மட்டுமே விடுகிறார்கள். சீட்டில் பெயரும் எழுதப்படும். ஆகவே முன்பே எடுத்து வைத்திருந்தோம்.

கி.பி. 79 இல் வெசுவியஸ் எரிமலை கக்கிய சாம்பலில் புதையுண்ட ஊர் அது. வாசலில் ஏற்றம், தெருவெல்லாம் பெரிய பாறைக் கற்கள். நான் நடு முற்றம் வரை போய் அங்கேயே இருந்துவிட்டேன். அதுவே எங்கள் சந்திக்கும் இடம். பிள்ளைகள் படத்தோடு சுற்றப் போனார்கள். பாண் பேக்கரியின் அடுப்பும் மாவரைக்கும் கல்லும், தெருவோரச் சாப்பாட்டுக் கடையில் சட்டிகள் பதித்த மேடையும் அப்படியே நிற்கின்றன. இறந்தவர்களின் உடல்கள் சாம்பலில் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் சாந்து ஊற்றி எடுத்த உருவங்களும் உண்டு.

என் மகள் மற்றவர்களுக்கு முன்பே திரும்பி வந்து பக்கத்தில் இருந்தாள். சிறிது நேரம் கழித்துக் கேட்டாள்:

"அம்மா, நாங்களும் இப்பிடித்தானே எல்லாத்தையும் விட்டிட்டு வெளிக்கிட்டது? அடுப்பிலை என்ன இருந்தது?"

17 வருடத்தில் அவள் இதைக் கேட்டதில்லை. நானும் தானாகச் சொன்னதில்லை. "பயறு அவிஞ்சுகொண்டிருந்தது. உன்ரை அப்பாதான் தண்ணி ஊத்தி நெருப்பை அணைச்சவர். திரும்பி வருவம் எண்டு கதவையும் பூட்டினவர்" என்றேன். பிறகு அவர் எப்படிப்பட்டவர், எதற்குச் சிரிப்பார், கடைசியாக அவளை யார் கையில் தந்தார் என்பதையெல்லாம் அந்தக் கல்லில் இருந்தபடியே சொன்னேன். அவசரப்படுத்த வழிகாட்டி ஒருவர் இருந்திருந்தால் அந்த அரை மணித்தியாலம் எங்களுக்குக் கிடைத்திராது.

அன்று திரும்பும்போது இன்னொன்றும் நடந்தது. ரயிலில் சனம் பிதுங்கியது. நாங்கள் ஐந்து பேர் ஏறிவிட்டோம். தம்பியின் மகன் ஏறுமுன் கதவு மூடிக்கொண்டது. மச்சாள் குழறிவிட்டார். ஆனால் கொப்பியில் ஐந்தாம் கேள்விக்குக் கீழே எழுதியிருந்தது: 'ரயில் பிரித்தால், ஏறாதவர் நின்ற இடத்திலேயே நிற்பது. ஏறியவரில் ஒரு பெரியவர் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வருவது. மற்றவர்கள் கரிபால்டியில் காத்திருப்பது.' தம்பி அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பிப் போனான். 13 வயதுப் பிள்ளை ஓரடிகூட அசையாமல் அதே தூணடியில் நின்றதாம். நாற்பது நிமிடம் போனது. இரண்டு மணித்தியாலம் கையிருப்பு இருந்தபடியால் கப்பலுக்குப் பிந்தவில்லை. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் தம்பி பிள்ளைகளுக்கு நாவற்குழிப் பாலத்தின் கதையைச் சொன்னான்.

பலேர்மோவில் எங்கள் சனம்

சிசிலித் தீவின் பலேர்மோவில் துறைமுகத்திலிருந்து நடந்தே நகருக்குள் போகலாம். பல்லரோ சந்தையில் கடலைமாவைக் கரைத்துக் காய்ச்சித் தட்டையாக வெட்டிப் பொரித்த 'பனெல்லே'யைப் பாணுக்குள் வைத்துத் தருகிறார்கள். ஆறு பேரும் 20 யூரோவுக்குள் வயிறு நிறையச் சாப்பிட்டோம். இந்த நகரில் 1980 களிலிருந்து இலங்கைத் தமிழர் குடியேறி, இன்று ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். நகரின் பாதுகாவலியான புனித ரொசலியாவின் குகைக் கோயில் பெல்லெகிரினோ மலையில் உள்ளது. 1624 இல் பரவிய கொள்ளை நோயிலிருந்து ஊரைக் காத்தவர் என்று நம்பப்படுபவர் அவர். நகர பஸ்ஸில் மேலே போனோம். குகையின் கூரையிலிருந்து ஒழுகும் நீரைத் தகரப் பீலிகள் ஏந்திக்கொண்டு போகின்றன.

அங்கே மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்த ஒரு பெண், எங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பி, "ஊரிலை எவடம்?" என்றார். தீவுப் பகுதியைச் சேர்ந்தவர். முப்பது வருடமாக வீடுகளில் துப்புரவு வேலை செய்கிறாராம். "சைவமோ வேதமோ எண்டு இஞ்சை ஒருத்தரும் கேக்கிறேல்லை, அக்கா. மனதுக்குப் பாரம் எண்டால் ஞாயிற்றுக்கிழமையிலை ஏறி வாறனாங்கள்" என்றார். கீழே வந்ததும் எந்தக் கடையில் தேத்தண்ணீர் மலிவு என்பதையும் அவரே சொல்லித்தந்தார். நாமே போகும் நாளில் வழி கேட்க வேண்டிவரும். வழி கேட்டால் மனிதரும் கிடைப்பார்கள்.

பார்சலோனாவும் மார்செயும்

ஒரு நாள் கடலிலேயே கழிந்தபின் பார்சலோனா. கப்பற்துறையிலிருந்து கொலம்பஸ் சிலைவரை துறைமுக நீல பஸ் ஓடுகிறது. அங்கிருந்து நிலக்கீழ் ரயில். 1882 இல் கட்டத் தொடங்கிய சகிராதா பமீலியா ஆலயத்தின் உட்கட்டணம் எங்களுக்குக் கூடுதல். ஆகையால் எதிரேயுள்ள பூங்காவில் இருந்து வெளியழகைப் பார்த்தோம். பின்னேரம் பிள்ளைகளிடம் ஆளுக்கு 8 யூரோ கொடுத்து, இடமும் நேரமும் குறித்து, மூவரையும் ஒன்றாகக் கடைத்தெருவில் ஒரு மணித்தியாலம் விட்டோம். ஐந்து நிமிடம் முன்பே வந்துவிட்டார்கள். என் மகள் 8 யூரோவில் 3 யூரோவைத் திருப்பித் தந்தாள்.

மார்செயில் கப்பற்துறை நகருக்கு வெளியே. வாயிலைத் தாண்டினால் நகர பஸ் உண்டு. பழைய துறைமுகத்திலிருந்து இன்னொரு பஸ், குன்றின் மேலுள்ள காவல் மாதா கோயிலுக்குப் போகிறது. நுழைவு இலவசம். கடலில் தப்பிய மாலுமிகள் நேர்த்தியாகக் கொடுத்த சிறு கப்பல் உருவங்கள் கூரையிலிருந்து வரிசையாகத் தொங்குகின்றன. அவற்றை நிமிர்ந்து பார்த்தபடி அங்கே நெடுநேரம் இருந்தேன். பிள்ளைகள் என் பக்கத்திலேயே இருந்தார்கள். அன்று ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

கணக்கு

ஆறு பேருக்கும் போக்குவரத்து, நுழைவு, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆன செலவு:

உரோம் – 129 யூரோ
பொம்பெய் – 136 யூரோ
பலேர்மோ – 50 யூரோ
பார்சலோனா – 90 யூரோ
மார்செய் – 60 யூரோ
மொத்தம் – 465 யூரோ

உரோமுக்கு மட்டும் கொடுக்கவிருந்த 420 யூரோவோடு 45 யூரோ சேர்த்து ஐந்து ஊரையும் பார்த்து முடித்தோம். சிறு கடைகளில் கொடுத்த காசு அந்தந்த ஊர்ப் பெண்களின் கைக்கே போனது. 2023 ஆனியில் சென்னையிலிருந்து காங்கேசன்துறைக்கும் ஓர் உல்லாசக் கப்பல் வந்தது. இப்படி வருகிறவர்களில் எங்களைப்போலச் சிக்கனக்காரரும் இருப்பார்கள். துப்புரவான மலசலகூடம், விலை எழுதிய பலகை, இருப்பதற்கு ஒரு நிழல், இவை இருந்த கடைகளையே நாங்கள் தேடிப் போனோம் என்பதைக் கடை வைத்திருக்கும் சகோதரிகள் கவனிக்கலாம்.

உங்கள் வீட்டிலும்

கப்பலில் போகாவிட்டாலும் இந்தக் கொப்பி உதவும். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ பிள்ளைகளோடு ஒரு நாள் போய்வர நினைத்தால், ஒரு தொகையைச் சொல்லித் திட்டத்தை அவர்களிடமே விடுங்கள். கடைசி வள்ளம் எத்தனை மணிக்கு, அதற்கு முந்தியது எப்போது, அம்மாவுக்கு இருக்க இடம் எங்கே, பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று அவர்கள் எழுதட்டும். செலவான ஒவ்வொரு ரூபாவையும் அன்றிரவே குறிக்கட்டும்.

பையைக் கட்டவும், நேரத்தைப் பார்க்கவும், இருக்கிற காசில் எல்லோரையும் சாப்பிட வைக்கவும், சந்திக்கும் இடம் குறிக்கவும் நாம் ஓடிய காலத்தில் பழகினோம். நம் பிள்ளைகள் அதை ஓட்டத்தில் பழகத் தேவையில்லை. ஒரு நல்ல நாளில், கடற்காற்று வாங்கிக்கொண்டு பழகட்டும்.